ஓடை மணலில் கல்யாண விருந்து

ஜூன் 19, வெள்ளி

நூற்றுப் பதினொரு டிகிரி. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் கிடையாது. ஆனாலும் இன்று மட்டும் ஆறேழு பேர் மழை எப்போது என்று கேட்டுவிட்டார்கள். பல் டாக்டர்கூட விடவில்லை. வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டே, "இந்த வருஷம் எப்படிம்மா, நல்லா பெய்யுமா?" என்கிறார். நான் எந்த வாயால் பதில் சொல்வது? எங்கள் பாலைவன ஊர் டூசானின் வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பதை வெளியே சொல்லவே கூடாது. தபால் ஆபீஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வடக்கு மலையில் தீ இன்னும் அணையவில்லை. கார் கண்ணாடி முழுக்கச் சாம்பல்.

சாயங்காலம் தங்கை அரசேலி போன் செய்தாள். கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டதாம். ஜூலை இருபத்தைந்து, குதிரைமேல் வரும் புனிதர் சந்தியாகப்பர் திருநாள். மாப்பிள்ளை ஃபெர்மின் வீட்டார் குதிரை வளர்ப்பவர்கள், அவர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. பூசை காலையில் எங்கள் கோயிலில். விருந்து எங்கே என்று கேட்டேன்.

"ஓடையிலக்கா."

"எந்த ஓடையில?"

"பார்தோ ஓடை. அவங்க வீட்டுக்குப் பின்னால இருக்கே. வருஷா வருஷம் திருநாள் விருந்த அங்கதானே வைக்கிறாங்க. மெத்துனு மணலு, ரெண்டு கரையிலயும் வேலமர நிழலு. முந்நூறு பேரு தாராளமா உக்காரலாம்."

உட்காரலாம்தான். வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. குதிரை ஓட்டுவார்கள், பிள்ளைகள் பந்து விளையாடும். தண்ணீர் வருகிற அந்தச் சில நாட்கள் ஜூலைக் கடைசியில்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு காலண்டரில் விரல் வைத்திருந்தால்கூட இதைவிட நல்ல நாள் அமைந்திருக்கும்.

ஜூன் 20

ஓடைக்குள் கல்யாண விருந்து. மறுபடி எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாடு. வேலங்கட்டைத் தணலில் சுட்ட மாட்டிறைச்சி, முழங்கை நீளத்துக்கு மெல்லிய மைதா ரொட்டி, பச்சை மிளகாய்ச் சட்னி. சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளத்தைப் பற்றிச் சொன்னது முழுக்க நான்தான், கேட்டவர் யாரும் இல்லை.

ஃபெர்மினின் அம்மா கூக்கா, எல்லோரும் மரியாதையாகத் 'தோன்யா' போட்டுக் கூப்பிடும் தோன்யா கூக்கா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டை ஆள்கிறவர். அவரிடம் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். மலை எரிந்துவிட்டது. எரிந்த மண் மெழுகு பூசினதுபோல் ஆகிவிடும், தண்ணீரை உள்ளே விடாது. முன்பு இரண்டு மணி நேரம் கொட்டினால்தான் ஓடையில் தண்ணீர் வரும், இந்த வருஷம் கால் மணி நேரம் போதும். மலையில் பெய்யும், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அப்போதே தண்ணீர் வந்து நிற்கும்.

"நாப்பது வருஷமா அங்கதான் விருந்து வைக்கிறோம்" என்றார் அவர்.

"ஒரு தடவகூட தண்ணி வரலையா தோன்யா?"

"வந்துச்சு. மூணு நாலு தடவ வந்துச்சு. கரையேறி நின்னோம். போனதும் எறங்கி வந்து மிச்சத்தச் சாப்பிட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் ரொட்டியைக் கிழித்தபடி கேட்டார்: "சரி கண்ணு, நீ படிச்சவ. அன்னிக்கு மழை வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"ஒரு மாசம் இருக்கு. இப்ப சொல்ல முடியாது."

"சொல்ல முடியாததுக்கா சம்பளம் தர்றாங்க?"

மறுபடி சிரிப்பு. என் அம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 3

தீ அணைந்துவிட்டது. காலையில் விட்ட வானிலை பலூன் தெற்கிலிருந்து ஈரக்காற்று வருவதைக் காட்டியது. இனி தினமும் மத்தியானம் மலைமேல் மேகம் கட்டும். எது கலையும், எது கொட்டும் என்பதுதான் மூன்று மாதத்துக்குப் பிழைப்பு. ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அடுத்த தெருவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டு தெருக்காரர்களும் என்னைத்தான் திட்டுவார்கள்.

பக்கத்து மேசை வென்டல் புதிதாக வந்த பெண்ணுக்கு வெள்ள எச்சரிக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். "ரெண்டு வகை. சின்னது டிவியில, ரேடியோவுல வரும், யாரும் பாக்க மாட்டாங்க. பெருசு குடுத்தா, நீ மேப்புல கோடு போட்டு வளைச்ச எடத்துக்குள்ள இருக்கற அத்தன போனும் அலறும். சத்தத்த அமுக்கி வச்சிருந்தாலும் அலறும். அத யாரும் மறக்க மாட்டாங்க. உன்னையும் மறக்க மாட்டாங்க."

ஜூலை 9

மறக்க மாட்டார்கள்.

மேற்குப் பக்கம் ஒரு மேகம் விறுவிறுவென்று வளர்ந்தது. ரேடாரில் பார்த்தால் முழுக்கச் சிவப்பு. பெரியதைக் கொடுத்தேன். பாதி ஊரின் போன்கள் ஒன்றாக அலறின. மேகம் என்ன நினைத்ததோ, அப்படியே சரிந்து கரைந்துவிட்டது. புழுதி பறந்தது. ஏழெட்டுத் துளி விழுந்தது. அவ்வளவுதான்.

டிவிக்காரன் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று செய்தி வாசிக்கிறான். மேலாளர், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

அரசேலி: "நீ அடிச்ச மணியில என் மாமியாரு பயந்து கொதிக்கிற சட்டியக் கீழ போட்டுட்டாங்க. இப்ப உன் பேச்ச எடுத்தாலே சிரிக்கிறாங்கக்கா. எனக்குத்தான் அசிங்கம்."

ஜூலை 10

இன்று என் வீட்டுத் தெருவில் மட்டும் மழை. எச்சரிக்கை கொடுக்காத ஒரே தெரு.

ஜூலை 14

ஓடை குறுக்கிடும் சாலையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள், 'வெள்ளம், போகாதே' என்று பலகை நிற்கிறது. ஒருவன் வண்டியை விட்டு இறங்கி, தடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி ஏறித் தண்ணீருக்குள் ஓட்டியிருக்கிறான். தீயணைப்புப் படை படகில் போய்க் கூரையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது. என் வண்டி உயரமான வண்டி என்கிறான். இந்த மாநிலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், மீட்கிற செலவை அவர்களே கட்ட வேண்டும். சட்டம் போட்டும் வருஷா வருஷம் வருகிறார்கள். வெயில் அடிக்கிறது, வானம் நீலமாக இருக்கிறது, இதில் என்ன வெள்ளம் என்ற எண்ணம். தண்ணீரைவிட இந்த எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை.

ஜூலை 18

அரசேலியோடு சண்டை. பெரிய சண்டை.

நான் கேட்டது பெரிய விஷயமே இல்லை. கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை, ஊர் மாற்றச் சொல்லவில்லை. கரைக்கு மேலே ஃபெர்மின் வீட்டு முற்றம் இருக்கிறது, மேசைகளை அங்கே போடு என்றேன்.

"மேல குதிரைக் கொட்டில். சாணி நாத்தம். முந்நூறு பேரு வெயில்ல உக்காரணுமா?"

"வெயில்ல உக்காந்தா செத்துட மாட்டாங்க."

"பாத்தியா. உனக்கு வாயத் தொறந்தாலே சாவுதான். நான் வேல மாறினப்ப என்ன சொன்ன? வீடு பாத்தப்ப என்ன சொன்ன? ஃபெர்மினக் கூட்டிட்டு வந்தப்ப என்ன சொன்ன? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நல்லா இருக்கும் போடின்னு சொல்லியிருக்கியா நீ?"

நடக்கக் கூடாததையே நாள் பூரா பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்து கண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளவா முடியும்? ஆனால் அவள் கேட்டதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

தோழிப்பெண்ணாக நான் நிற்க மாட்டேன், அன்று மத்தியானம் ரேடாரில் உட்காரப் போகிறேன் என்றேன்.

"ஒக்காரு. நல்லா ஒக்காரு" என்று போனை வைத்துவிட்டாள்.

தோழிப்பெண்ணுக்கென்று தைத்த பச்சை நிறப் பட்டு உடை பீரோவில் தொங்குகிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 22

சனிக்கிழமை மழைக்கு நாற்பது சதவீதம் போட்டிருக்கிறோம். அரசேலி சண்டைக்குப் பிறகு முதல் முறையாகச் செய்தி அனுப்பினாள்: நாப்பதுன்னா வராதுன்னுதானே அர்த்தம்?

நான்: நூத்துல நாப்பது வரும்னு அர்த்தம்.

அவள்: அப்ப வராது. சரி.

போனைச் சுவரில் அடிக்கலாம்போல் இருந்தது.

ஜூலை 24

ஃபெர்மின் கூப்பிட்டான். நல்ல பையன், அம்மா முன்னால் மட்டும் நாக்கு எழாது. "மலையில ரொம்ப எரிஞ்சிருக்குன்னு எனக்கும் தெரியுதுக்கா. ஆனா அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்கு உன் போன மட்டும் சட்டைப் பையில வச்சிரு. நான் கூப்பிட்டா எடு. அது போதும்."

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "போன் எதுவும் இருக்காதுக்கா. யாரும் படம் புடிக்கக் கூடாதுன்னு அரசேலி சொல்லிட்டா. வர்ற எல்லாரோட போனையும் வாங்கி அம்மாவோட தகரத் தொட்டியில போட்டுடறோம். வீட்டாளுங்களோடதும்தான்."

கல்யாணம் ஓடையில். நாள் ஜூலையில். போன் தொட்டியில். இதற்கு மேல் ஒரு ஆள் என்னதான் செய்ய முடியும், கடவுளே.

ஜூலை 25, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பூசைக்குப் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். அரசேலி அழகாக இருந்தாள். வெளியே வரும்போது என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல் போனாள். நான் நேராக ஆபீஸ் வந்துவிட்டேன்.

மத்தியானம் மலைமேல் மேகம் கட்டியது. ஊருக்கு மேல் துடைத்து வைத்த நீலம். மேகம் நகரவே இல்லை, எரிந்த சரிவின்மேல் உட்கார்ந்துகொண்டு கொட்டியது. மேலே வைத்திருக்கும் மழைமானியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தச் சரிவில் விழுகிற தண்ணீர் பார்தோ ஓடைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும்.

ஃபெர்மினைக் கூப்பிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அரசேலியையும் கூப்பிட்டேன். எல்லாம் தொட்டிக்குள். போலீசுக்குச் சொன்னேன், ஆள் அனுப்புகிறோம், ஊரின் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும் என்றார்கள்.

பெரிய எச்சரிக்கை கொடுத்தால் தொட்டிக்குள் இருந்தாலும் அலறும். ஆனால் அங்கேதான் என் கை நின்றுவிட்டது. அங்கே இருப்பது என் தங்கை என்பதால் அமுக்கப் போகிறேனா? வேறு யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் அமுக்குவேனா? இல்லை, ஒன்பதாம் தேதி ஊரே சிரித்ததால் பயந்து நிறுத்துகிறேனா? எந்தப் பக்கம் யோசித்தாலும் என் யோசனையை என்னாலேயே நம்ப முடியவில்லை.

மழைமானி எண்களையும் ரேடாரையும் மட்டும் திறந்து வைத்துவிட்டு வென்டலைக் கூப்பிட்டேன். விருந்து அங்கே நடப்பது அவனுக்குத் தெரியாது. "இத நீ பாத்திருந்தா என்ன செய்வ?"

குனிந்து பார்த்தான். "பெருசு. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏன் இன்னும் அமுக்கல?"

கோடு போட்டு வளைத்தேன். அமுக்கினேன்.

பிறகு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. யாரும் கூப்பிடவில்லை. வென்டல் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டான். அப்போதுதான் சொன்னேன். அவன் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெளியே அவ்வளவு நல்ல வெயில்.

ஏதோ தெரியாத எண்ணிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "எல்லாரும் இருக்கோம். எல்லாரும் மேல இருக்கோம்."

ஜூலை 26

அம்மா இன்று விவரமாகச் சொன்னாள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். திருநாளுக்கென்று காகிதப் பூ சூட்டிய குதிரைகளைப் பக்கத்திலேயே வரிசையாகக் கட்டியிருந்தார்கள். கட்டிய இடத்துக்கு ஒரு எட்டில் அந்தத் தகரத் தொட்டி. அதற்குள் இருநூறு போன் ஒரே நேரத்தில் அலறியிருக்கிறது. "பேய் கத்தினாப்பல இருந்துச்சுடி" என்கிறாள் அம்மா.

மனுஷர்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. "இமெல்டாவோட மணிடா, தொட்டிய மூடுங்கடா" என்று என் பேரைச் சொல்லி யாரோ கத்த, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். குதிரைகள் சிரிக்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு கரையேறி ஓடின. ஃபெர்மின் ஆட்டத்தை நடுவில் விட்டுவிட்டுக் குதிரைகளின் பின்னால் ஓடினான். அவன் அண்ணன் தம்பிகள் அவன் பின்னால் ஓடினார்கள். முதல் ஆட்டத்தில் தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க அரசேலி பாவாடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். பெண்ணே ஏறிவிட்டாள் என்றதும் வேடிக்கை பார்க்க மற்றவர்கள் ஏறினார்கள். தோன்யா கூக்காவை மருமகன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், பாதி வழி வந்த பிறகும் அவர் இறக்கிவிடச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாராம்.

கடைசி ஆள் ஏறிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. கறுப்பாக, சாம்பலும் மரத்துண்டுமாக, ஆள் உயரத்துக்கு. மேசை, நாற்காலி, கேக், இசைக்காரர்களின் பெரிய கிட்டார், போன் தொட்டி எல்லாம் போயின. மேலே நின்றவர்கள் முகத்தில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் அம்மாவிடம் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "குதிரைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாரு. வாயில்லாத ஜீவன்."

என்ன?

ஜூலை 27

ஊர் முழுக்க அதே பேச்சு. குதிரைகள் மோப்பம் பிடித்துவிட்டனவாம். தோன்யா கூக்கா டிவியில் சொல்கிறார்: சந்தியாகப்பர் தன் குதிரை மூலமாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த மணி? மணியைப் பற்றியும் பேசுகிறார்கள். "அந்தச் சத்தம் அடங்கட்டும்னு போன எடுக்காம விட்டோம், இருநூறு போனும் போச்சு." அதற்கும் காரணம் நானாம்.

ஜூலை 29

டிவி நிலையத்திலிருந்து ஆபீசுக்குப் போன். குதிரைகளுக்கு வெள்ளம் முன்கூட்டியே தெரியுமா என்று ஒரு நிபுணர் பேச வேண்டுமாம். வென்டல் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் போனை என்னிடம் நீட்டினான்.

பேசினேன். எனக்குத் தெரிந்த வரையில் குதிரைகளுக்குச் சத்தம் பிடிக்காது என்று சொன்னேன். அதை வெட்டிவிட்டுத்தான் போட்டார்கள்.

ஆகஸ்ட் 6

அரசேலி வந்தாள். வாசலிலேயே நின்றாள். படமெடுக்க வந்தவரின் கேமராவும் வெள்ளத்தோடு போனதால் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லையாம், மறுபடி எல்லோரும் உடுத்திக்கொண்டு முற்றத்தில் நின்று எடுக்கப் போகிறார்களாம். "அந்தப் பச்சைய எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

நன்றி சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காபி குடித்தோம். மழை வருமா என்று கேட்கவே இல்லை. போகும்போது மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் அவன அடிக்கத்தான்க்கா மேல ஏறினேன். இல்லேன்னா அங்கயேதான் நின்னிருப்பேன்" என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

என் தங்கை உயிரோடு இருக்கிறாள். என்மேல் கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறாள். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 21

கிழக்கே எச்சரிக்கை கொடுத்தேன். வந்தது. தடுப்பைச் சுற்றிக்கொண்டு இரண்டு வண்டி உள்ளே போயிருக்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 27, ஞாயிறு

ஈரக்காற்று திரும்பிப் போய்விட்டது. இன்று சம்பந்தி வீட்டில் சாப்பாடு. அதே தணல், அதே சட்னி, அதே கூட்டம்.

எல்லோரும் உட்கார்ந்ததும் தோன்யா கூக்கா அறிவித்தார். அடுத்த வருஷத்திலிருந்து சந்தியாகப்பர் விருந்து மேலே முற்றத்தில்தான். கொட்டிலை அந்தப் பக்கம் தள்ளிக் கட்ட ஆள் சொல்லியாகிவிட்டது.

"ஏன் தோன்யா?" என்று யாரோ கேட்டார்கள்.

"குதிரைங்க ஓடைக்குள்ள எறங்க மாட்டேங்குது. கரைக்கு இழுத்துட்டுப் போனாலே காலப் பதிச்சுக்கிட்டு நிக்குது. வாயில்லாத ஜீவன் பயந்து போச்சு. அத எதுத்து நாம என்ன பண்றது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நாற்பது வருஷ வழக்கம் ஒரு வாய் ரொட்டிக்குள் மாறிவிட்டது. நான் ஒரு மாதம் தொண்டை கிழியப் பேசியது இதைத்தான். எழுந்து வெளியே போனேன், அங்கே இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

ஃபெர்மின் கொட்டில் பக்கம் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கரையோரம் போய் எட்டிப் பார்த்தேன். ஓடை மறுபடி வெறும் மணலாகக் கிடந்தது. மணல் முழுக்கக் குளம்புத் தடம். இன்று காலைத் தடம்.

"இது யாரோட குதிரைத் தடம்?"

"நம்மளுதுதான். தினமும் விடியக்காலம் எறக்கி விட்டுடுவேன். மணல்ல ஒரே ஆட்டம். மேல ஏத்துறதுதான் பாடு."

"உங்கம்மா எறங்க மாட்டேங்குதுன்னு சொன்னாங்களே."

அவன் வாளியைக் கீழே வைத்தான். வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தான். "எறங்காதது அம்மாதான்க்கா. அன்னிக்கு அப்புறம் கரைப்பக்கமே வரல. நான் குதிரைய எறக்கறது அவங்களுக்குத் தெரியும். ஜன்னல்லேர்ந்து பாக்கறாங்க. நான் மேல வர்ற வரைக்கும் அங்கயே நிக்கறாங்க."

திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பேச்சு இன்னும் குதிரைகளைப் பற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது. தோன்யா கூக்கா என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏன் கண்ணு, நீ படிச்சவ. தண்ணி வர்றது குதிரைக்குத் தெரியுமில்ல?"

மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அரசேலியும் பார்த்தாள்.

"தெரியும் தோன்யா" என்றேன்.

அவர் தலையாட்டினார். தன் தட்டில் இருந்த நல்ல துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னார்.